மாத்திரை சாருக்கு ஒரு தெளிவான படம்

"மூக்கா இது? நீயே சொல்லு, மூக்கா இது? கோடாலிக்குப் பிடி போட்ட மாதிரி இருக்கு!"

"அவர் மூக்கே அப்படித்தான் அண்ணா. நான் என்ன செதுக்கி ஒட்டவா முடியும்?"

"இருபத்தெட்டு லென்ஸைத் தூக்கிக்கிட்டு முகத்துக்கு முன்னாடி போய் நின்னா யாருக்குமே மூக்குதான் முதல்ல வரும். ஆள் பின்னாடி பஸ் பிடிச்சுத்தான் வரணும்! முகத்துக்கு எண்பத்தஞ்சுடி. எண்பத்தஞ்சு!"

"உன் எண்பத்தஞ்சுல முந்தாநாள் எடுத்தியே, காது மட்டும் பளிச்சுன்னு இருந்துது. காதைப் பார்த்து எவளாவது கழுத்தை நீட்டுவாளா?"

"நான் இங்கதாங்க உட்கார்ந்திருக்கேன்" என்று மூன்றாவதாக ஒரு குரல், நாடகத்தில் தப்பான காட்சியில் நுழைந்துவிட்டவர் மாதிரி.

இதெல்லாம் நான் ஒட்டுக்கேட்டது இல்லை. எங்கள் சமையலறைக்கும் ஸ்டுடியோவுக்கும் ஒரே சுவர். அந்தச் சுவர் கட்டும்போது மேஸ்திரி சிமெண்டில் சிக்கனம் பார்த்துவிட்டார். அதற்கு நான் பொறுப்பா? இருந்தாலும் சண்டை என்று வந்துவிட்டால், சுவர் வழியாகக் கேட்பதைவிட வாசல் வழியாகப் பார்ப்பதுதான் மரியாதை. அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டுப் போனேன்.

ஸ்டுடியோக்காரருக்குத் தெருவே வைத்த பெயர் மில்லிமீட்டர். ஐம்பது, எண்பத்தஞ்சு, நூற்று முப்பத்தஞ்சு என்று லென்ஸ் நம்பர் சொல்லாமல் அவரால் நலம்கூட விசாரிக்க முடியாது. நாற்பத்தேழு வயது. கல்யாணம் ஆகவில்லை. அதற்கும் ஒரு லென்ஸ் காரணம் என்பார்கள், எனக்கு முழு விவரம் கிடைக்கவில்லை, கிடைக்காமல் விடப்போவதும் இல்லை. அவரிடம் ஒரு அலமாரி நிறைய லென்ஸ் உண்டு. எல்லாம் கையால் திருகுகிற ரகம். ஊரில் எல்லோரும் பொத்தானை அமுக்கினால் கேமராவே முகத்தைத் தேடிப் பிடித்துத் தெளிவாக்கிக்கொள்கிறது. இவருடைய லென்ஸ்களுக்கு அந்தப் படிப்பெல்லாம் கிடையாது. வளையத்தைத் திருக வேண்டும், கண்ணால் பார்க்க வேண்டும், தெளிந்ததும் நிறுத்த வேண்டும். "திருகத் தெரியாதவன் தொடவே கூடாது" என்று அலமாரிச் சாவியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு திரிவார்.

அவர் தங்கச்சிக்கு முப்பத்தைந்து வயது. அவளும் அதே கேமராவில்தான் படம் எடுக்கிறாள், ஏனென்றால் வீட்டில் இருப்பது ஒரே கேமரா. அண்ணன் எட்ட நின்று எடுப்பவர், இவள் கிட்டப் போய் எடுப்பவள். அண்ணன் கண்ணை இடுக்கி வளையத்தைத் தடவிக்கொண்டே இருப்பார். தங்கச்சி வளையத்தை இரண்டு காலடி தூரத்துக்கு வைத்துவிட்டு, கேமராவை வயிற்றில் அணைத்துக்கொண்டு, பார்க்காமலே தட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பாள். தெருவில் எடுக்க அதுதான் வழியாம். அப்படித்தான் ஒருநாள் நான் குப்பைவாளியோடு கொட்டாவி விடுவதை எடுத்துக் கடை வாசலில் மாட்டினாள். அதைக் கழற்ற வைக்க எனக்கு இரண்டு வாரம் ஆனது.

மூன்றாவது குரல் மருந்துக்கடைக்காரருடையது. எதிர்வரிசைக் கடை. மாத்திரை சார் என்போம். ஐம்பதைத் தொட இரண்டு வருஷம் பாக்கி. சம்சாரம் தவறி நாலு வருஷம் ஆகிறது. நல்ல மனிதர், ஆனால் முகத்தில் ஒன்றும் நிற்காது. பேசும்போது தலை முன்னும் பின்னும் போகும், தண்ணீர் குடிக்கிற கோழி மாதிரி. போன வருஷம் கல்யாணத் தகவல் மையத்தில் பத்து வருஷத்துக்கு முந்தைய படத்தைக் கொடுத்துவிட்டார். பார்க்க வந்த அம்மாள் இவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை வரலைங்களா, அவங்க அப்பாவை அனுப்பியிருக்காங்க" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். அதிலிருந்து மனிதர் ஒரு மாதம் ஷட்டரைப் பாதி இறக்கித்தான் வியாபாரம் செய்தார்.

இப்போது ஒரு நல்ல இடம் வந்திருந்தது. பக்கத்து ஊரில் கண்ணாடிக்கடையில் கண் பரிசோதனை செய்கிற பெண்மணி. நாற்பத்து மூன்று. போனில் நாலைந்து முறை பேசியாகிவிட்டது. குரல் பிடித்துப் போய்விட்டது என்று இவரே என்னிடம் சொன்னார். அதாவது, இருமல் மருந்து வாங்கப் போன இடத்தில் நான் கேட்டேன், சொன்னார். அந்த அம்மாள் ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தாள்: "இப்போ எடுத்த படமா, தெளிவா ஒண்ணு அனுப்புங்க. நாள் பூரா எல்லாரையும் தெளிவாப் பார்க்க வைக்கிறவ நான். எனக்கு மங்கலா அனுப்பாதீங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள வந்தா ஞாயித்துக்கிழமை நானே நேர்ல வரேன். இல்லேன்னா உங்களுக்கு இஷ்டமில்லேன்னு எடுத்துக்கறேன்."

இதைத்தான் சார் வேதவாக்காக எடுத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்கு வந்தார். பாவம், போட்டோ கேட்டு வந்தவர் பரிசோதனை எலியாகிவிட்டார்.

முதல் நாள் எண்பத்தைந்து. மில்லிமீட்டர் லென்ஸின் துவாரத்தை அகலத் திறந்து வைத்தார். அப்படி வைத்தால் பின்னால் இருப்பதெல்லாம் வெண்ணெயாய் உருகி, முகம் மட்டும் மிதக்குமாம். ஆனால் தெளிவு நிற்கிற இடம் விரல் கனம்தான். சார் தலையோ கோழித்தலை. இவர் கண்ணில் பிடித்து நிறுத்துவதற்குள் கண் போய்விட்டது, காது வந்துவிட்டது. மறுநாள் தங்கச்சி, அண்ணன் வங்கிக்குப் போன நேரம் பார்த்து இருபத்தெட்டோடு மருந்துக்கடைக்குள் புகுந்து, சார் மாத்திரை எண்ணும்போது மேஜைக்கு மேல் குனிந்து தட்டினாள். படம் தெளிவு. தெளிவாக ஒரு மூக்கு, மூக்குக்குப் பின்னால் கொஞ்சம் மருந்துக்கடைக்காரர்.

அந்த மூக்குதான் இன்றைக்குச் சண்டை.

"சரி, ரெண்டும் வேண்டாம்" என்றார் மில்லிமீட்டர். "நூத்தி முப்பத்தஞ்சு எடுக்கறேன். அதுல எடுத்தா மூக்கு அடங்கி உட்காரும். ஒரு அரசன் களை வரும் பாருங்க."

"அதுக்கு இந்த ரூம் பத்தாது அண்ணா. நீ தெருவுக்குப் போகணும்."

"போறேன்!"

போனார். சாரை உள்ளே நாற்காலியில் உட்கார வைத்து, கதவை விரியத் திறந்து, இவர் எதிர் நடைபாதையில் மருந்துக்கடைச் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு நின்றார். நடுவில் தெரு. அதில் சைக்கிள், ஸ்கூட்டர், தண்ணீர் வண்டி. "அசையாதீங்க!" என்று இவர் கத்த, ரோட்டில் போன ஸ்கூட்டர்காரர் பயந்து நின்றுவிட்டார். அவர் பின்னால் வந்தவர் அவர்மேல் லேசாக இடிக்க, அங்கே ஒரு தனிச் சண்டை ஆரம்பித்தது. எடுத்த படங்களில் இரண்டில் தண்ணீர் வண்டி. ஒன்றில் ஸ்கூட்டர்காரரின் முதுகு. மிச்சத்தில் சார் இருந்தார், ஆனால் சூடான பாலில் விழுந்த பிஸ்கட் மாதிரி ஓரமெல்லாம் கரைந்து.

"லென்ஸுல பூஞ்சை" என்று மில்லிமீட்டர் தீர்ப்பு சொன்னார்.

"போன வாரம் ஐம்பதுக்கும் பூஞ்சைன்னே. அதுக்கு முன்னாடி எண்பத்தஞ்சோட வளையம் தேஞ்சு போச்சுன்னே."

"எல்லாம் நீ கண்டபடி கையாண்டதுல வந்தது!"

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். அவர்களுக்குள் இன்னொரு பழைய வழக்கும் உண்டு. கேமராவில் கண் வைத்துப் பார்க்கிற ஓட்டைக்குப் பக்கத்தில் மிளகு அளவில் ஒரு சக்கரம் இருக்கிறது. பார்க்கிறவர் பார்வைக்கு ஏற்ற மாதிரி அதைத் திருப்பிக்கொள்ளலாம். அண்ணன் தன் கண்ணுக்குத் திருப்பி வைப்பார். தங்கச்சி எடுத்தால் அவளுக்கு எல்லாம் புகையாகத் தெரியும், தன் கண்ணுக்குத் திருப்பிவிடுவாள். மறுபடி அண்ணனுக்குப் புகை. வருஷக்கணக்கில் இதே கூத்து. "யாருடி சக்கரத்தைத் தொட்டது?" என்பதுதான் அந்த வீட்டில் காலை வணக்கம். இப்போது கொஞ்ச காலமாக அந்தச் சக்கரம் அவர் பக்கத்தில் கடைசிவரை போய் முட்டி நிற்கிறது என்பதைத் தங்கச்சி கவனித்திருக்கிறாள். சொல்லவில்லை. நானும் ஒன்றைக் கவனித்தேன். என் வீட்டு மின்சார ரசீதைப் படித்துக் காட்டச் சொன்னபோது மனிதர் அதைக் கையை முழுக்க நீட்டிப் பிடித்துக்கொண்டு, "உங்க வீட்ல வெளிச்சமே சரியில்லைக்கா" என்றார். பட்டப்பகல் பன்னிரண்டு மணிக்கு.

"கேமராவுலேயே வசதி இருக்குண்ணா" என்று தங்கச்சி தணிந்த குரலில் ஆரம்பித்தாள். "தெளிவா இருக்கிற இடத்துல சிவப்பாக் கோடு மினுக்கிக் காட்டும். அதைப் போட்டுக்கோயேன்."

"அது கண்ணு தெரியாதவனுக்குக் கொடுக்கிற கோல்! எனக்கெதுக்கு?"

சார் கைகூப்பி எழுந்தார். "ரெண்டு பேருக்கும் கோடிப் புண்ணியம். இன்னிக்கு வெள்ளி. ஏதாவது ஒரு லென்ஸுல, நான் நான் மாதிரியே இருக்கிற ஒரு படம் குடுத்துடுங்க. அரசன் களையெல்லாம் வேண்டாம். மருந்துக்கடைக்காரன் களை போதும்."

இதைக் கேட்டதும் இரண்டு பேருக்கும் கொஞ்சம் சுரணை வந்தது. சமரசம் பிறந்தது. ஐம்பது. அண்ணன் எடுப்பது, தங்கச்சி விளக்குப் பிடிப்பது. நாற்காலியைச் சுவர்ப் பக்கம் தள்ளினார்கள். அந்தச் சுவரில்தான், எல்லா ஸ்டுடியோவிலும் இருப்பது போல, வருகிறவர்கள் தலை வாரிக்கொள்ள ஒரு ஆளுயரக் கண்ணாடி. சாரின் மூக்குக்கண்ணாடியில் விளக்கு பளபளக்கிறது என்று கழற்றி மேஜைமேல் வைக்கச் சொன்னார்கள். கழற்றினார். அத்தோடு அவருக்கு உலகம் போய்விட்டது.

நான் வாசல்படியில் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே போனால் இடைஞ்சல், வெளியே நின்றால் தெரியவில்லை. ஆகவே உடம்பை வெளியே வைத்துத் தலையை மட்டும் உள்ளே அனுப்பியிருந்தேன். வீட்டுவேலைக்கு நான் போட்டுக்கொள்வது என் பெரியவனின் பழைய சட்டை. கறுப்பு வெள்ளைக் கட்டம், சதுரங்கப் பலகை மாதிரி.

மில்லிமீட்டர் வளையத்தைத் திருகினார். முன்னே போனார், பின்னே வந்தார், மூச்சைப் பிடித்தார். சக்கரம் அன்றைக்குத் தங்கச்சியின் கண்ணுக்கு இருந்தது. அதை மாற்றிக்கொள்ள அவருக்குத் தோன்றவில்லை, அல்லது எல்லோர் முன்னாலும் மறுபடி சக்கரத்தோடு மல்லுக்கட்டக் கூச்சம். முகம் என்ற சமாசாரத்தில் அவருக்கு எதுவும் பிடிபடவில்லை. திடீரென்று, "ஆங்! வந்துட்டான்! நின்னுட்டான்! இதுதாண்டா ஐம்பது!" என்று தட்டித் தட்டித் தள்ளினார்.

"பெரிசு பண்ணிப் பாருண்ணா."

"தன்மேல நம்பிக்கை இல்லாதவன்தான் பெரிசு பண்ணிப் பார்ப்பான்."

கேமராவின் பின்புறத் திரை தீப்பெட்டி அளவு. அதில் எல்லாமே தெளிவுதான், எல்லோருமே அழகுதான். கண்ணாடி இல்லாமல் சார் அதை முகத்தோடு ஒட்டிவைத்துப் பார்த்தார். "நல்லாருக்கே!" என்றார். மில்லிமீட்டர் கையை நீட்டிப் பார்த்து, "நல்லாருக்கு" என்றார். தங்கச்சி பார்ப்பதற்குள் பாஸ்போர்ட் படத்துக்கு ஒரு குடும்பமே கைக்குழந்தையோடு வந்துவிட்டது. அந்த இடைவெளியில் மில்லிமீட்டர் படத்தைச் சாரின் போனுக்கு ஏற்ற, சார் அதே சூட்டில் கண்ணாடிக்கடை அம்மாளுக்குத் தள்ளிவிட்டார். ஆக, மூக்குக்கண்ணாடி இல்லாதவர் ஒருவர், மூக்குக்கண்ணாடி போட வேண்டியவர் ஒருவர், இரண்டு பேரும் சேர்ந்து கண் பரிசோதிக்கிறவளுக்கு ஒரு படம் அனுப்பினார்கள்.

குழந்தை அழுது ஓய்ந்து, குடும்பம் போன பிறகு, தங்கச்சி படத்தைக் கம்ப்யூட்டரில் திறந்தாள். அவள் போட்ட "அய்யய்யோ" எங்கள் வீட்டுப் பாத்திரத்தை ஆட்டியது. மறுபடி அடுப்பை விட்டு ஓடினேன்.

படத்தில் முன்னால் ஒரு உருவம். வெந்நீர்ப் பானை ஆவிக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கிற மாதிரி. மனிதர் என்று சத்தியம் செய்யலாம், மருந்துக்கடைக்காரர் என்று செய்ய முடியாது. பின்னால், ஆளுயரக் கண்ணாடியில், வாசல்படியில் நான். கட்டம் போட்ட சட்டையில் ஒவ்வொரு கட்டமும் எண்ணலாம். நரைமுடி ஒவ்வொன்றும் எண்ணலாம். கழுத்து ஒரு முழம். வாய் பாதி திறந்து, கண் இரண்டும் சாரின் பிடரியில் ஆணி அடித்த மாதிரி.

"கட்டத்தைப் பிடிச்சிருக்கே அண்ணா நீ!" என்றாள் தங்கச்சி. "முகம் தெரியாம, அக்கா சட்டையில இருக்கிற கட்டம் தெரிஞ்சுதுன்னு அங்க நிறுத்தியிருக்கே!"

மில்லிமீட்டர் லென்ஸைக் கழற்றி அலமாரியில் வைத்தார். பூஞ்சை என்றுகூடச் சொல்லவில்லை.

பதில் அன்று சாயங்காலமே வந்தது. சார் அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஸ்டுடியோவுக்கு வந்தபோது, இருமல் மருந்து குடித்தவர் மாதிரி இருந்தது முகம். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் பார்த்துவிட்டார் போலிருக்கிறது. தங்கச்சிதான் வாங்கிப் படித்தாள்.

"படம் கிடைச்சுது. உங்களைத் தவிர எல்லாம் தெளிவா இருக்கு. உங்க பின்னாடி கட்டம் போட்ட சட்டைக்காரம்மா யாரு? அவங்க உங்களைப் பார்க்கிற பார்வையைப் பார்த்தா வெறும் வாடிக்கைன்னு தோணலை. ஞாயித்துக்கிழமை வரேன். அவங்களையும் பார்க்கணும்."

"முடிஞ்சுது" என்றார் சார். நாற்காலியில் உட்கார்ந்தார். தலை ஆடவில்லை. அதைப் பார்க்கத்தான் எனக்கு ஒரு மாதிரி இருந்தது. "போன தடவை அப்பான்னாங்க. இந்தத் தடவை ஆளே இல்லைன்னுட்டாங்க. போதும்மா. விட்டுடுங்க."

"நான் கல்யாணமானவங்க!" என்றேன் நான். "இருபத்தாறு வருஷம்! உள்ளே படுத்து டிவி பார்க்கிறாரே, அவர் யாருன்னு நினைச்சாங்களாம்?" வீட்டில் போய்ச் சொன்னேன். என் வீட்டுக்காரர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "பார்த்தவ தப்பா ஒண்ணும் சொல்லலையே, நீ எல்லாரையும் அப்படித்தானே பார்ப்பே" என்றார். அன்றைக்குச் சாப்பாட்டில் உப்பு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மாள் வந்தாள். கட்டையான உடம்பு, விரைவான நடை, தோளில் பை. மருந்துக்கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. நான் தற்செயலாக வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். காலையிலிருந்து மூன்றாவது தடவை. என்னைப் பார்த்ததும் நேரே வந்தாள்.

"நீங்கதானே அது?"

"நான் பக்கத்து வீடும்மா. சண்டை பார்க்க வந்தேன். சத்தியமா அவ்வளவுதான்."

என் கழுத்தை ஒரு பார்வை பார்த்தாள். நம்பிவிட்டாள். "அப்போ படம் எடுத்தவரை முதல்ல காட்டுங்க" என்றாள்.

மில்லிமீட்டர் அலமாரி முன்னால் அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருப்பவர் போல் உட்கார்ந்திருந்தார். அவள் வணக்கம் கூடச் சொல்லவில்லை. மேஜைமேல் கிடந்த ஒரு மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினாள். "இதுல என்ன எழுதியிருக்கு, படிங்க."

அவர் வாங்கினார். கை தானாக நீண்டது. இன்னும் நீண்டது.

"கை போதலையா? வேணும்னா நான் அந்தக் கோடியில போய்ப் பிடிச்சுக்கறேன்."

"லைட் சரியில்லை" என்றார் மில்லிமீட்டர்.

"அலமாரி நிறைய லென்ஸ் வெச்சிருக்கீங்க. உங்களுக்கு வேண்டிய லென்ஸ் மட்டும் இதுல இல்லை. எத்தனை வருஷமா இப்படி?"

தங்கச்சி சுவரைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன், முடிந்தவரை. மில்லிமீட்டர் கழுத்துச் சாவியை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு, யாரிடமோ சொல்வது போல், "கண்ணாடி போட்டுட்டா அப்புறம் ஓட்டைக்குப் பக்கத்துல கண்ணைக் கொண்டு போக முடியாதேன்னுதான்..." என்றார். "அப்புறம் நான் எதை வெச்சுத் திருகறது?"

அப்போதுதான் மாத்திரை சார் உள்ளே வந்தார். ஷட்டருக்கு அடியில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். தலை வாரவில்லை, சட்டையில் பேனா மைக்கறை, மூக்கில் கண்ணாடி. வந்தவர் அந்த அம்மாளைப் பார்க்கக்கூட இல்லை. மில்லிமீட்டர் பக்கத்தில் போய் நின்றார். "அவரை விட்டுடுங்கம்மா. மூணு நாள் எனக்காக வேலையைப் போட்டுட்டு நின்னார். ரோட்டுல போய் நின்னார். படம் சரியா வரலேன்னா அது என் தலை. ஆடிக்கிட்டே இருக்கும். நீங்க வேணாம்னு சொல்றதுன்னா என்கிட்ட சொல்லிட்டுப் போங்க." இத்தனையும் சொல்லும்போது தலை கோழி மாதிரி முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தது.

அவள் அவரையே பார்த்தாள். பிறகு பக்கத்தில் போய், அவர் மூக்கிலிருந்த கண்ணாடியைக் கழற்றி, பையிலிருந்து ஒரு துணி எடுத்து, இரண்டு பக்கமும் துடைத்து, திரும்ப மாட்டிவிட்டாள். காதுக்குப் பின்னால் சரியாக உட்கார்கிறதா என்று விரலால் அழுத்திப் பார்த்தாள். தொழில் பழக்கம் என்று சொல்லலாம். எனக்கென்னவோ அதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே நேரம் எடுத்த மாதிரி இருந்தது.

"படத்துக்கு இதைக் கழட்டச் சொன்னது யாரு?" என்றாள்.

அண்ணனும் தங்கச்சியும் ஒருவரை ஒருவர் காட்டினார்கள்.

"இது போட்டாதான் இவர் முகம். இதோட எடுங்க. நான் இங்கயே இருக்கேன், பார்த்துக்கறேன்."

மில்லிமீட்டர் கழுத்திலிருந்து சாவியைக் கழற்றித் தங்கச்சியிடம் கொடுத்தார். "ஐம்பது" என்றார். "துவாரத்தைச் சின்னதா வை. தலை போயிட்டு வந்தாலும் தெளிவுக்குள்ளயே இருக்கும்." பிறகு பொறுக்கமுடியாமல், "எண்பத்தஞ்சுல எடுத்தா இன்னும் நல்லாருக்கும்" என்றார்.

தங்கச்சி சக்கரத்தைத் தன் கண்ணுக்குத் திருப்பிக்கொண்டாள். "அக்கா, நீங்க மட்டும் கொஞ்சம் வெளியே..." என்றாள். போனேன். ஜன்னலுக்குப் போனேன்.

இரண்டு மாதத்தில் கல்யாணம். மாத்திரை சார் கடையை விட்டுவிட்டு அவள் ஊருக்கே போய்விட்டார். கண்ணாடிக்கடைக்கு அடுத்த கடை காலியாக இருந்ததாம். தங்கச்சி இப்போது மூன்று தெரு தள்ளித் தனி ஸ்டுடியோ வைத்திருக்கிறாள், தனிக் கேமராவோடு. ஐம்பதையும் இருபத்தெட்டையும் கொண்டுபோனாள். எண்பத்தைந்தை அண்ணன் விடவில்லை. மில்லிமீட்டர் தலையில் ஒன்று மூக்கில் ஒன்று என்று இரண்டு கண்ணாடி மாட்டிக்கொண்டு, சிவப்புக் கோடு மினுக்குகிற வசதியை யாரும் பார்க்காதபோது போட்டுக்கொள்கிறார். நான் பார்த்தேன். அவருக்கும் ஒரு இடம் பார்க்கிறார்கள். பெண் வீட்டார் தெளிவான படம் கேட்டிருக்கிறார்கள், தங்கச்சிதான் வந்து எடுத்தாள். மருந்துக்கடை இருந்த இடத்துக்குப் புதிதாக ஒரு புருஷன் பெண்டாட்டி குடிவந்திருக்கிறார்கள். இருவரும் சத்தமே போடுவதில்லை. என்னவாக இருக்கும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.